கடைசி ரோலில் அவள் சொன்னது

என்னைப் பற்றி நல்லபடியாக ஒரு கதை கேட்க வந்தவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். நான் செய்த ஒரு வேலையைச் சொல்லப் போகிறேன். அதைச் செய்யச் சொல்லி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. யாரும் மிரட்டவும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சும்மா நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

வாய்தான் எனக்குச் சோறு போடுகிறது. இருபத்திரண்டு வருடமாக மொன்றியலில் அகதி வழக்குகளிலும் வைத்தியசாலைகளிலும் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்க்கிறேன். சொன்னதில் ஒன்றைக் கூட்டக்கூடாது, ஒன்றைக் குறைக்கக்கூடாது. ‘அவர் சொல்கிறார்’ என்றும் சொல்லக்கூடாது. அவர் ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அழுகிறவருக்கு ஆறுதல் சொல்வது எங்கள் வேலை இல்லை. தண்ணீர்க் கிளாஸை அவர் பக்கம் தள்ளி வைக்கலாம், அவ்வளவுதான். எத்தனையோ பேர் பட்ட அடியும் உதையும் என் வாயால் ‘நான்’ என்று வெளியே வந்திருக்கிறது. ஒரு சொல்லைக்கூட நான் விழுங்கியதில்லை என்று எனக்குப் பெரிய தலைக்கனம்.

வீடு பார்க் எக்ஸ்டென்ஷனில். மூன்று மாடிக் கட்டடத்தில் கீழ் வீடு என்னுடையது, நடு வீடு நான் சொல்லப் போகிற அவளுடையது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். புருஷனுக்கு லாசாலில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை, பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம். அவள் ஒரு கார்டெரியில், பகல் காப்பகத்தில், குழந்தைகளுக்குச் சமைத்துக் கொடுத்தாள். வந்து ஏழு வருடமாகியும் அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டும்தான். கடிதம் வந்தால் நான், பள்ளிக்கூடத்தில் இருந்து கூப்பிட்டால் நான், டொக்டரிடம் போனால் நான். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும். உண்மையைச் சொன்னால் பெருமைதான் கூட.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் ஒருவர் செத்தால், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு நேரே போன் எடுத்துச் சொல்லமாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு எடுப்பார்கள். அவர் அந்த வீட்டுக்குப் போய், முதலில் சாப்பிட்டாச்சோ என்று கேட்க வேண்டும். சாப்பிடாவிட்டால் எதையாவது சாப்பிட வைத்து, கை கழுவி வந்து இருந்த பிறகு, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அவரும் வாயில் ஒன்றும் வைக்கமாட்டார். அதற்காகத்தான் முதலில் சோறு, பிறகு செய்தி.

எனக்கும் ஊரில் அம்மா, அவளுக்கும் ஊரில் அம்மா. அவளுடைய தம்பியிடம் என் நம்பர் இருந்தது. என் அண்ணையிடம் அவளுடைய நம்பரைக் கொடுத்திருந்தேன். “எங்கட அம்மாமாருக்கு நாங்கள் ரெண்டு பேரும்தானக்கா தபால்காரர்” என்று ஒருநாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது அது பகிடி.

பிறகு படம் வந்தது.

ஒரு சனிக்கிழமை அவள் படி இறங்கி ஓடி வந்தாள். “அக்கா, ஒரு வெள்ளைப் பிள்ளை தெப்பனேர் கடையில இருந்து எனக்குப் பின்னால வருது. என்ர முகத்தைக் காட்டிக் காட்டி என்னவோ கதைக்குது. எனக்குப் பயமாக் கிடக்கு, வாங்கோ.” வாசலில் முப்பது வயது மதிக்கத்தக்க கியூபெக்காரி ஒருத்தி, சிவந்த மூக்கோடு குளிரில் நின்றாள். சினிமா எடுக்கிறவளாம். பால் வாங்க வரிசையில் நின்ற இவளுடைய முகத்தைக் கண்டதும் தேடியது கிடைத்துவிட்டது என்று பின்னால் வந்துவிட்டாளாம்.

என் சமையலறை மேசையில் தன் மடிக்கணினியைத் திறந்து ஒரு பழைய படத்தைப் போட்டுக் காட்டினாள். பேச்சே இல்லாத காலத்துப் படம். நாட்டுப்புறத்தில் இருந்து ஒரு பெண் பெரிய நகரத்துக்கு வருகிறாள். கையில் ஒரு துணி மூட்டை. டிராம் வண்டி அவளை உரசிக்கொண்டு போகிறது. யாரிடம் வழி கேட்டாலும் தோளைக் குலுக்கிவிட்டு நடக்கிறார்கள். தையல் தொழிற்சாலையில் வேலை, வாடகைக்கு ஒரு அறை. கடைசியில் ஊரில் இருந்து கடிதம் வருகிறது: தாய் செத்துவிட்டாள். அவள் ஜன்னலடியில் நிற்கிறாள், வெளியே நகரம் தன்பாட்டுக்கு ஓடுகிறது. படம் முடிந்தது. நடுநடுவே கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்து. முதல் பத்து நிமிடம் “இதென்ன கோதாரி, கை காலை ஆட்டுறாளவை” என்று சிரித்தேன். கடிதம் வந்தபோது என் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் மூக்கை உறிஞ்சினாள்.

அந்தப் படத்தை அதே காட்சிகளோடு இன்றைய மொன்றியலில் திரும்ப எடுக்கப் போகிறாள் இயக்குநர். டிராமுக்குப் பதில் மெட்ரோ, நாட்டுப்புறத்துக்குப் பதில் யாழ்ப்பாணம். தையல் தொழிற்சாலையை மட்டும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அது அப்போதும் தையல் தொழிற்சாலை, இப்போதும் தையல் தொழிற்சாலை. பேச்சு இல்லை, பியானோ மட்டும். நடிக்கத் தெரிந்தவர்கள் வேண்டாம், முகம்தான் வேண்டும் என்றாள். இந்த முகத்துக்குப் பிரெஞ்சு தெரியாது, எனவே நானும் வேண்டும். படத்தின் முடிவில் ‘தமிழில் இயக்கம்’ என்று போட்டு என் பெயரைப் போடுவதாகச் சொன்னாள்.

அன்றைக்கே எனக்குத் தலை சுற்றத் தொடங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவனுடைய ‘நான்’ சொல்லிச் சொல்லி, எந்தத் தாளிலும் என் பெயரைத் தேடி ஒருவரும் பார்த்ததில்லை. இப்போது வெள்ளித் திரையில், பெரிய எழுத்தில்! ஐம்பத்தாறு வயதில் எனக்கு வந்த ஆசையைப் பாருங்கள்.

பேசாத படம் எடுக்கும்போதுதான் ஆகக் கூடுதலாகப் பேசுவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கையால் சுழற்றும் பழைய கமரா, பிலிம் ரோல். சத்தம் ஒன்றும் பதிவாகாது. அதனால் கமரா ஓட ஓட, இயக்குநர் பக்கத்தில் நின்று எதையும் கத்தலாம். “இடது பக்கம் பார்! மெதுவாக! ரயில் வருகிறது, பயப்படு!” அவள் பிரெஞ்சில் கத்த, நான் தமிழில் கத்துவேன். இரண்டு கிழமையில் நான் சும்மா மொழிபெயர்க்கிறதை விட்டுவிட்டேன். இயக்குநர் “சோகமாக இரு” என்றால், நான் “பிள்ளை, உன்ர புருஷன் வேற ஒருத்தியோட லவாலுக்கு ஓடிட்டான் எண்டு நினை” என்பேன்.

“போனா நல்லமக்கா. லவாலில வீடு பெரிசு, எங்களையும் கூப்பிடட்டும்.” சிரித்துவிடுவாள். ரோலில் அரைவாசி அந்தச் சிரிப்புக்கே போய்விடும். இயக்குநருக்கும் சிரிப்பு வரும். நல்ல நாட்கள் அவை. அதை மறைக்க விரும்பவில்லை.

கடிதக் காட்சியைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தார்கள். எங்கள் கட்டடத்தின் மேல் வீடு அப்போது காலியாக இருந்தது, அங்கேதான் எடுப்பது. அதற்கு முதல் நாள் ஒத்திகையில் இயக்குநர் அவள் கையில் கடதாசியைக் கொடுத்து, அம்மா செத்த செய்தி என்று நினைக்கச் சொன்னாள். நான் தமிழில் சொன்னதும், சுட்டதுபோலக் கடதாசியைக் கீழே போட்டுவிட்டாள்.

“ஐயோ, என்னால ஏலாதக்கா. அம்மா உயிரோட இருக்கேக்க நான் அப்பிடி நினைக்கலாமே? அப்பிடி வாய் வைக்கக்கூடாது, பலிச்சிடும். வேற என்ன எண்டாலும் நினைக்கிறன், அம்மாவை இதுக்குள்ள இழுக்காதேங்கோ.”

இயக்குநரிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. நடிப்புத்தானே என்றாள். நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளுடைய தம்பி ஊரில் இருந்து எனக்குப் போன் எடுத்தான். “அக்கா, அம்மா மோசம் போயிட்டா. இஞ்சத்தை நேரம் பின்னேரம் ஆறரை மணி, இப்ப ஒரு மணித்தியாலம் ஆகுது. நெஞ்சு நோகுது எண்டு படுத்தவ, எழும்பேல்லை. எங்கட அக்காவுக்கு உடன சொல்லிப்போடாதேங்கோ. சாப்பிட வைச்சு, ஆறுதலாச் சொல்லுங்கோ. உங்களை நம்பித்தான் விடுறன்.” பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. நான் சொல்கிறேன், நீ பயப்படாதே என்று போனை வைத்தேன்.

எனக்கும் அழுகை வந்தது. வந்தது என்று சொல்லத்தான் வேண்டும், நான் மரக்கட்டை இல்லை. மேலே போகக் காலெடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் படக்காரரின் வான் வாசலில் வந்து நின்றது. கடைசி நாள். வாடகைக்கு எடுத்த கமரா பின்னேரம் திரும்பப் போக வேண்டும். இப்போது சொன்னால் படம் இல்லை. படம் இல்லாவிட்டால் என் பெயர் இல்லை. ஒரு நாள் முழுக்க விமானத்தில் போனாலும் இவள் செத்த வீட்டுக்குப் போய்ச் சேரப் போவதில்லை, சாப்பிட வைத்துச் சொல்லச் சொல்லித்தானே சொன்னான் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். எல்லா நியாயமும் வரிசையாக வந்து நின்றது.

பத்து மணிக்கு அவளே இறங்கி வந்து என் சமையலறையில் இருந்தாள். வெள்ளிக்கிழமை, விரதம். மத்தியானம் ஒரு நேரம்தான் சாப்பாடு என்றாள். தேத்தண்ணி மட்டும் குடித்தாள்.

“என்னக்கா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?”

“தலையிடி.”

எழும்பிப் போய் என் அலுமாரியில் இருந்து தைலத்தை எடுத்து வந்து, பின்னால் நின்று என் நெற்றியில் தேய்த்துவிட்டாள். “கண்ணை மூடுங்கோ” என்றாள். மூடினேன். தாய் செத்து இரண்டு மணித்தியாலம் ஆன பிள்ளை எனக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிட வைத்துவிட்டுச் சொல்வோம் என்று இருந்தேன். மத்தியானம் அவர்கள் சாப்பாட்டுக்கு நிறுத்தவில்லை. வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது, வெளிச்சம் போய்விடும் என்று இயக்குநருக்கு அவசரம். மேல் வீட்டில் ஜன்னலடியில் அவளை நிறுத்தினார்கள். தலையில் ஒரு துணி, கையில் வெறும் கடதாசி. ஒரு ரோல் போனது. பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல விறைத்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது ரோலும் போனது. பிள்ளைகளின் வருத்தத்தை நினைக்கச் சொன்னேன், வேலை போனதை நினைக்கச் சொன்னேன். பாவம், அவளும் எதையெதையோ நினைத்துப் பார்த்தாள், முகத்தில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது ரோலும் போனது.

இயக்குநர் என்னை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண் கலங்கியிருந்தது. இன்னும் ஒரு ரோல்தான் இருக்கிறது, இதுவும் சரிவராவிட்டால் முகத்தை விட்டுவிட்டு முதுகை மட்டும் எடுப்பேன் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “உங்களுக்கு அவளைத் தெரியும். எங்கே தொட்டால் நோகும் என்று உங்களுக்குத் தெரியாதா?” என்றாள். அவள் மேல் பழி போடவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

கமரா சுழலத் தொடங்கியது. நான் கமராவுக்குப் பக்கத்தில், அவளுக்கு நேரே நின்றேன்.

“பிள்ளை, இஞ்ச பார். நான் சொல்லுறது நடிப்பில்லை. உன்ர அம்மா மோசம் போயிட்டா. காலமை தம்பி எடுத்துச் சொன்னவன்.”

முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. “அம்மாவை இழுக்காதேங்கோ எண்டு நேற்றே சொன்னனானெல்லே” என்றாள். சொல்லிக்கொண்டே சிரிக்கவும் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. என் முகத்தில் அவளுக்கு என்ன தெரிந்ததோ, சிரிப்பு வாயில் இருக்கவே கண் மாறியது. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் விழுந்திருந்தது. கடதாசி பிடித்த கை மெதுவாக இறங்கி வயிற்றில் நின்றது. அப்படி ஒரு முகத்தை நான் எந்த விசாரணை அறையிலும் கண்டதில்லை. கண்டதும் எனக்குள் வந்த முதல் நினைப்பு: கிடைத்துவிட்டது.

சீ, அதைத்தான் நினைத்தேன்.

“நிப்பாட்டச் சொல்லுங்கோ” என்றாள்.

கமரா சுழன்றது.

“அக்கா, நிப்பாட்டச் சொல்லுங்கோ.”

என்ன சொல்கிறாள் என்று இயக்குநர் என் காதுக்குள் கேட்டாள். ‘நிறுத்தச் சொல்கிறாள்.’ பிரெஞ்சில் அது மூன்றே சொல். எந்த நீதிபதிக்கு முன்னாலும் அரை நொடியில் சொல்லியிருப்பேன். “அம்மா என்கிறாள்” என்றேன். “விடாதீர்கள், எடுங்கள்.”

மூன்றாவது தடவை சொன்னபோது சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ரோல் முடிந்து, பிலிமின் வால் கமராவுக்குள் தட்டிக்கொண்டே இருந்தது. இயக்குநர் அழுதுகொண்டு வந்து என்னைக் கட்டிப் பிடித்தாள்.

ஜன்னலடியில் நின்றவள் கத்தவில்லை. என்னிடம் நடந்து வந்தாள்.

“காலமையே எடுத்தவன்?”

“ஓம்.”

“நான் உங்கட வீட்டை தேத்தண்ணி குடிக்கேக்க உங்களுக்குத் தெரியுமே?”

“ஓம்.”

தலைத்துணியைக் கழற்றி நாலாய் மடித்து, கடதாசியையும் அதன் மேல் வைத்து, படப்பிடிப்புக்காரரின் மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். வாசலில் ஒரு தரம் நின்று, “நேற்று நான் அந்தக் கடதாசியைக் கையால தொட்டனான்” என்றாள். எனக்குச் சொன்னாளோ, தனக்குச் சொன்னாளோ தெரியாது. விடிந்ததில் இருந்து ஒரு தேத்தண்ணியோடு நின்றவள்.

அவளுடைய தம்பி அடுத்த நாள் எடுத்தான். சாப்பிட வைத்துத்தானே சொன்னீர்கள் என்று கேட்டான். ஓம் என்றேன். “நீங்கள் இருந்ததாலதானக்கா எங்களுக்கு நிம்மதி” என்றான். வழக்கப்படி நான் மூன்று நாள் சோறு சமைத்து மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள், பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகத் திருப்பித் தந்தாள். எங்கள் ஆட்கள் வெறும் பாத்திரம் திருப்பித் தரமாட்டார்கள். ஒரு சீனித் துண்டாவது போட்டுத் தருவார்கள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. கண்டால் “என்னக்கா, சுகமே?” என்பாள். கடிதங்களை மட்டும் கொண்டு வருவதில்லை. தை மாதம் போய் மாசி வந்தபோது, கிழமையில் நாலு நாள் பின்னேரத்தில் தோள் பையோடு படி இறங்கிப் போகத் தொடங்கினாள். பிரெஞ்சு வகுப்பாம். மேலே இருந்து பிள்ளைகளோடு அவள் பாடம் சொல்லும் சத்தம் என் கூரையால் கேட்கும். ஒரு சொல்லைப் பத்துத் தரம் பிழையாகச் சொல்லுவாள். எனக்குச் சிரிப்பு வரும். இந்த வயதில் இவளுக்கு என்ன பிரெஞ்சு என்று நினைப்பேன். அவள் ஏன் படிக்கிறாள் என்று நான் ஒரு தரம்கூட யோசிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பத்தான் வேண்டும்.

ஒன்றரை வருடம் கழித்துப் படம் முடிந்தது. இயக்குநர் முதலில் எங்கள் அயலுக்கே காட்ட ஆசைப்பட்டாள். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபம், ஞாயிறு பின்னேரம். ஒரு பக்கம் டவுன்டவுனில் இருந்து வந்த வெள்ளைக்காரர், மற்றப் பக்கம் எங்கள் சனம், சாறியும் ஜாக்கெட்டுமாக. பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். அவளும் வந்தாள், புருஷன் பிள்ளைகளோடு. இயக்குநர் எங்கள் இரண்டு பேரையும் முன் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினாள்.

படம் நல்ல படம். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. பார்க் மெட்ரோவின் படியில் மூட்டையோடு அவள் நிற்க, சனம் இரண்டு பக்கத்தாலும் பிரிந்து போகிறது. எங்கள் தெருப் பனி, எங்கள் இரும்புப் படி. பார்த்துப் பார்த்து அலுத்தவைதான், திரையில் கண்டபோது கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். பியானோக்காரன் உருகி உருகி வாசித்தான்.

கடிதம் வந்தது. ஜன்னல் வந்தது. அந்த முகம் வந்தது, சுவர் அளவுக்கு.

மண்டபம் அடங்கிவிட்டது. திரையில் உதடு அசைந்தது. வெள்ளைக்காரருக்கு அது ஒரு பெண்ணின் நடுங்கும் உதடு. எங்கள் சனத்துக்கு அது தமிழ். பின் வரிசையில் ஒரு மனுசி, தன் மகளுக்குச் சொல்வதுபோல, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: “நிப்பாட்டச் சொல்லுங்கோ எண்டெல்லே சொல்லுறா? என்னத்தை நிப்பாட்டச் சொல்லுறா?” வேறொரு குரல், “ஓமோம், அக்கா எண்டுறா” என்றது. அந்த நேரம் திரையில் கறுப்பு அட்டை வந்து விழுந்தது. அதில் வெள்ளை எழுத்தில் ‘மமோன்’. அம்மா.

இயக்குநர் என் வாயால் கேட்டதைத்தானே எழுதியிருக்கிறாள். பேச்சில்லாத படம் என்று நம்பி நான் சொன்ன பொய். தமிழ் தெரிந்த நூறு பேருக்கு முன்னால் அது பேசுகிற படம் என்று எனக்குத் தோன்றாமல் போனது. பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்க்கவே எனக்குத் துணிவு வரவில்லை. முடிவில் என் பெயர் வந்தது. பெரிய எழுத்துத்தான். நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

வெளிச்சம் போட்டார்கள். கைதட்டல். இயக்குநர் எங்களை மேடைக்கு அழைத்தாள். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் எழும்பி, பிரெஞ்சில் கேட்டார்: “அம்மா என்று நீங்கள் சொல்லும் அந்த இடத்தில் எதை நினைத்தீர்கள்?” மைக் என் கையில் இருந்தது. நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லத் தேவையிருக்கவில்லை, கேள்வி முடியும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அவள் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள். “நான் அம்மா எண்டு சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோ. நிப்பாட்டத்தான் கேட்டனான் எண்டு சொல்லுங்கோ. இப்பவாவது சொல்லுங்கோ அக்கா.”

கெஞ்சவில்லை. எனக்கு இன்னொரு தவணை தந்தாள். இன்றைக்கு அதை நினைத்தால் என் தலையில் நானே அடிக்க வேண்டும்போல இருக்கிறது. முந்நூறு கண், பக்கத்தில் இயக்குநர், என் பட்டுச் சேலை. நான் மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், நல்ல பிரெஞ்சில், ‘நான்’ என்று தொடங்கிச் சொன்னேன்: “நான் என் தாயை நினைத்தேன். வேறு எதையும் நினைக்க முடியவில்லை.”

கைதட்டல் இடிபோல விழுந்தது.

அது அடங்கும் மட்டும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க முடியாது. மைக்கை வாங்கினாள்.

“நோன்” என்றாள். இல்லை.

அதற்குப் பிறகு அவள் சொன்னது முழுக்க பிரெஞ்சு. உடைந்த பிரெஞ்சு, சொல்லுக்குச் சொல் இடைவெளி. கூரையால் கேட்டு நான் சிரித்த அதே பிரெஞ்சு. அம்மா என்று நான் சொல்லவில்லை. நிறுத்துங்கள் என்று சொன்னேன். மூன்று தரம் சொன்னேன். என் அம்மா அன்று காலை செத்தா. இவவுக்குத் தெரியும். இவ உங்களுக்குச் சொல்லவில்லை. அவ்வளவுதான். மைக்கைத் திரும்ப என் கையில் வைத்தாள்.

வெள்ளைக்காரப் பக்கம் முழுக்க இயக்குநரைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் பக்கத்தில் இருந்து அந்தப் பின்வரிசை மனுசி, “என்னவாம்? பிரெஞ்சில என்னவோ சொல்லுறா. அக்கா, தமிழில சொல்லுங்கோவன்” என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது என் வேலை. நான் வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்துக்குள் இருப்பவளைப்போல வாயை அசைத்துக்கொண்டு நின்றேன்.

அவள்தான் திரும்பி, எங்கள் சனத்துக்குச் சொன்னாள். “ஒண்டுமில்லை. அக்காவுக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு.”

மண்டபம் காலியான பிறகு இயக்குநர் என்னிடம் வந்து, உண்மையா என்று கேட்டாள். உண்மை என்றேன். கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டாள். பிறகு அவளிடம் போய், அந்தக் காட்சியை வெட்டிவிடுகிறேன் என்றாள். அவள் வேண்டாம் என்றாளாம். “அம்மாவுக்கு நான் அழுததெண்டு அது ஒண்டுதான் இருக்கு, இருக்கட்டும். அட்டையில எழுதினதை மட்டும் மாத்துங்கோ.” இப்போது அந்தப் படத்தில் அந்த இடத்தில் அட்டையே இல்லை. முடிவில் என் பெயரை எடுத்துவிடட்டுமா என்று இயக்குநர் என்னைக் கேட்டாள். இருக்கட்டும் என்றேன். ஆம், அந்த நிலையிலும் அப்படித்தான் சொன்னேன்.

வீடு வந்து சேர இருட்டிவிட்டது. அவர்கள் எனக்கு முன்னால் நடந்தார்கள். புருஷனும் பிள்ளைகளும் மேலே ஏற, அவள் மட்டும் என் கதவடியில் நின்றாள். நான் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவள்தான் பேசினாள், கோபமே இல்லாத குரலில்.

“அக்கா, உங்கட அண்ணையிட்ட இருக்கிற நம்பர் என்ரதானே? மாத்தாதேங்கோ.”

கதவில் சாவியைப் போட்ட கையோடு நான் திரும்பினேன்.

“உங்கட அம்மான்ர செய்தி எனக்குத்தான் வரும். பயப்பிடாதேங்கோ. நான் சோறு குழைச்சுத் தந்து, சாப்பிட வைச்சுப் போட்டுத்தான் சொல்லுவன்.”

ஏறிப் போய்விட்டாள். அம்மாவுக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. நம்பரை நான் மாற்றவில்லை. மாற்றிக் கொடுக்க எனக்கு இந்த ஊரில் வேறு ஆளும் இல்லை. அவள் மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டால், இரும்புப் படியில் கால் வைக்கும் சத்தம் கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கையை எடுத்துவிடுகிறேன். அவள் கையில் பாத்திரம் இருக்கிறதா என்று ஜன்னலால் பார்க்கிறேன்.